படிச்சுட்டும் மம்பட்டியா, டீச்சர்?



போன வாரம் நான் போட்ட படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தலையில் ஹெல்மெட், கையில் உறை, மகளுடைய கால்சட்டை, கையில் மம்பட்டி மாதிரி ஒரு கருவி, பின்னால் மலை. விளக்கம் எதுவும் எழுதாமல் போட்டது என் தப்புதான். அன்றைக்கே சித்தி மகன் காரைக்குடியிலிருந்து போன் போட்டுவிட்டான். "என்னக்கா, பொண்ணு வீட்டுக்குப் போன இடத்துல கொத்து வேலை பாக்குறியா? பென்ஷன் வரலையா?" என்றான். என் நாத்தனார் என்னிடம் பேசவே இல்லை. நேராக என் மகளைக் கூப்பிட்டு, "மூட்டுவலிக்காரிய இப்படியாடி வேலை வாங்குவ?" என்று திட்டித் தீர்த்துவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் கமெண்டில் இப்படி எழுதியிருந்தாள்: "டீச்சர், படிக்காட்டி மம்பட்டிதான்னு எங்களைப் பயமுறுத்துவீங்களே. நீங்க படிச்சுட்டும் மம்பட்டியா?" பக்கத்தில் இரண்டு சிரிப்புப் பொம்மை.

விளையாட்டாகத்தான் எழுதியிருந்தாள். நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, அது இவ்வளவு நீளமாகிவிட்டது. வீட்டுப்பாடம் என்று நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

மகள் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம். இங்கே கேஸ்கேட் என்று ஒரு பெரிய மலைத்தொடர். காட்டுக்குள்ளே நடந்து போகப் பாதைகள் உண்டு. தார் கிடையாது, சிமெண்ட் கிடையாது. இரண்டு அடி அகலத்தில் வெறும் மண்பாதை, மைல் கணக்காகப் போகும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். காற்றில் மரங்கள் குறுக்கே சாயும். பனி உருகும்போது தண்ணீர் பாதையிலேயே ஓடி மண்ணை அரித்துவிடும். செடி கொடி இருபக்கமும் வந்து மூடும். சரிசெய்ய ஆளில்லாவிட்டால் சில வருடங்களில் அங்கே பாதை இருந்த அடையாளமே இருக்காது.

அரசாங்கக் காட்டிலாகாவுக்கு இதற்கெல்லாம் ஆளும் போதாது, பணமும் போதாது. அதனால் பொதுமக்களே போய்ச் செய்கிறார்கள். வாஷிங்டன் ட்ரெயில்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு 1993 முதல் இந்த வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறது. காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலையும் உண்டு. மலையின் உள்பகுதி என்றால் போய்வரவே ஒரு நாள் ஆகிவிடும் என்பதால், கூடாரம் போட்டு நாலு நாள், எட்டு நாள் தங்கிச் செய்வார்கள். சம்பளம் கிடையாது. சாப்பாடு, படுக்கை எல்லாம் நாமே சுமந்து போக வேண்டும்.

நானும் மகளும் முதலில் இரண்டு சனிக்கிழமை ஒருநாள் வேலைக்குப் போய்ப் பழகினோம். பிறகுதான் இந்த நாலு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்தோம். மாப்பிள்ளை லீவு போட்டுப் பேரனைப் பார்த்துக்கொண்டார். (நாத்தனார் கவனிக்க: என்னை யாரும் வற்புறுத்தவில்லை. பிரஷர் மாத்திரையும் எடுத்துப் போனேன்.)

முதுகில் பத்து கிலோ மூட்டையோடு ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். மொத்தம் ஒன்பது பேர். என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார், 71 வயது, ஓய்வு பெற்ற தபால்காரர். தலைமை தாங்கியவளுக்கு 26 வயது. என் கடைசி வருட மாணவர்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. முப்பத்தைந்து வருடம் "டீச்சர்" என்று கேட்டுப் பழகிய காது அல்லவா.

கரடி வரும் என்பதால் சாப்பாட்டை எல்லாம் கெட்டியான டப்பாவில் பூட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிப் போயிருந்தேன், ஒன்பது பேரும் ருசி பார்த்தார்கள். கழிப்பறை கிடையாது. ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, மூடிவிட்டு வர வேண்டும். இதை அந்தப் பெண் கொஞ்சம் தயங்கித் தயங்கி எனக்கு விளக்கினாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் யார் வீட்டிலும் கழிப்பறை கிடையாது என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நாங்கள் போன இடம் ஆல்பைன் லேக்ஸ் என்ற காட்டுப்பகுதி. 1976-ல் இருந்து பாதுகாக்கப்பட்ட வனம். 1964-ல் இவர்கள் போட்ட வனச் சட்டப்படி இப்படிப்பட்ட காட்டுக்குள் மோட்டார் வைத்த எதையும் கொண்டுபோகக் கூடாது. சைக்கிளும் தள்ளுவண்டியும்கூடக் கூடாது. மரம் அறுக்கும் மெஷினுக்கும் இடமில்லை. எல்லாம் கை வேலை. ரம்பம், கடப்பாரை, மம்பட்டி, பிறகு புலாஸ்கி என்று ஒன்று. அதன் ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைவெட்டும் கொத்து. படத்தில் என் கையில் இருந்தது அதுதான். 1910-ல் ஐடாஹோ பக்கம் காடு பெரிய அளவில் தீப்பிடித்தபோது, தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப் போய்ப் பெரும்பாலானோரைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் காலை என்னை ஓரிடத்தில் நிறுத்தி, "தோண்டாதீர்கள். முதலில் பாருங்கள்" என்றாள் அந்தப் பெண். பாதை நடுவே மழைத்தண்ணீர் அரித்த ஓர் ஓடை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே பாதைக்குள் நுழைகிறது, எங்கே வெளியே தள்ளினால் மறுபடி உள்ளே வராது என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றோம். அதற்குப் பிறகுதான் கருவியைத் தொட்டோம். பாதை பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். நடப்பவர் காலால் மண் ஒதுங்கி ஒதுங்கி ஓரத்தில் வரப்பு மாதிரி உயர்ந்துவிடும். அந்த வரப்பு தண்ணீரை வெளியே விடாது, பாதையே வாய்க்காலாகிவிடும். வரப்பை உடைக்க வேண்டும். இடையிடையே மடை வெட்டித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பாதை பராமரிப்பில் முக்கால்வாசி இதுதான்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இது எனக்குத் தெரிந்த வேலை. என் அப்பா இதைச் செய்வதை வரப்பில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருப்பேன். சிவகங்கைச் சீமையில் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவள் நான். மடையை எவ்வளவு அகலம் திறக்க வேண்டும், வெட்டிய மண்ணை எந்தப் பக்கம் போட வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது. ஏனென்றால் அப்பா என்னை மம்பட்டியைத் தொடவிட்டதே இல்லை. "நீ பேனா பிடிக்கணும்த்தா" என்பார். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த அன்று அவருக்கு இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் வெட்டிய இரண்டாவது மடையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டாள். என் அப்பாவிடம் என்றேன். "உங்கள் அப்பா இந்த வேலையில் நிபுணரா?" என்றாள். என் அப்பாவை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அடுத்த நாள் குறுக்கே விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தை அறுத்தோம். ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் பிடி. ரம்பத்துக்குப் பொறுப்பான, அதற்கென்று சான்றிதழ் வாங்கிய ஒருவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். இழுக்க மட்டும்தான் வேண்டும், தள்ளக் கூடாது என்றார். தள்ளினால் ரம்பம் வளைந்து மாட்டிக்கொள்ளும். வெட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க ஆப்பு வைக்க வேண்டும். எந்தப் பக்கம் மரம் உருளும் என்று முன்பே கணித்து அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். படிக்காதவர் செய்கிற வேலை என்று நான் வகுப்பறையில் சொல்லிக்கொண்டிருந்த வேலைக்கு இவ்வளவு படிப்பு இருக்கிறது.

இப்போது கமெண்டுக்கு வருகிறேன்.

ஆம், நான் சொன்னேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. வாய்ப்பாடு சொல்லாத பிள்ளையிடம், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையிடம், நான் அடிக்கடி சொன்ன வாசகம் அது. பிரம்பு எடுப்பதைவிட இது நல்லது என்று நினைத்தேன். என் அப்பா ஆசையாகச் சொன்னதை நான் மிரட்டலாக மாற்றிவிட்டேன்.

ஒரு பையனை மட்டும் மறக்க முடியவில்லை. பெயர் எழுத மாட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் நின்றான். "உங்கப்பன் மாதிரி நீயும் மம்பட்டியத் தூக்கிட்டு அலையத்தான் போற" என்று ஐம்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். அவன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டான், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. பள்ளிக்கூட முற்றமெல்லாம் தண்ணீர் நின்று வகுப்புக்குள் வந்துவிட்டது. தலைமையாசிரியர் சொல்லியனுப்பி அவன் அப்பாதான் வந்தார். வந்தவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. கட்டிடத்தைச் சுற்றி வந்தார். நின்றார். பார்த்தார். என்ன, வேடிக்கை பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல். பிறகு சமையல்கூடத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் வெட்டத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் முழுக்க வடிந்தது. நான் அங்கே வேலை பார்த்தவரை அந்த வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் போனது. அவருக்குக் கூலி கொடுத்ததாக ஞாபகம் இல்லை. ஒரு செம்புத் தண்ணீராவது கொடுத்தேனா என்பதும் ஞாபகம் இல்லை. ஜன்னல் வழியாக அவன் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மலையில் "தோண்டாதீர்கள், முதலில் பாருங்கள்" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு அவன் அப்பாதான் நினைவுக்கு வந்தார். அந்த மனிதர் வேடிக்கை பார்க்கவில்லை என்று புரிய எனக்கு 64 வயதாக வேண்டியிருந்தது.

தம்பி, நீயும் அந்தப் படத்துக்கு லைக் போட்டிருந்தாய். ஒன்றும் எழுதவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று ஐம்பது பேர் முன்னால் சொன்னதால் இதையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பு கூட்டவும், முற்றத்தில் புல் பிடுங்கவும் நான் யாரைக் கூப்பிட்டேன்? யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதே நாலைந்து பேர். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எல்லோர் வேலையும் என்றால் எல்லோருக்கும் முறை வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

"அப்படியானால் படிக்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். படிக்கத்தான் வேண்டும். அந்தப் பையனுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு வேண்டும்தான். அதைச் சொல்லிக்கொடுக்க அவன் அப்பாவை இழிவுபடுத்தத் தேவையில்லை என்கிறேன். பிள்ளைகள் அப்பா அம்மா செய்யும் வேலையைப் பார்த்து வெட்கப்பட்டால் அது படிப்பின் வெற்றி ஆகாது.

மண் வேலையை ரொம்பப் புகழவும் எனக்கு விருப்பமில்லை. நாலாம் நாள் என்னால் குனிந்து ஷூ கயிறு கட்ட முடியவில்லை. எனக்கு இறங்கி வர வீடு இருந்தது, வெந்நீர் இருந்தது, மாதம் பிறந்தால் பென்ஷன் இருக்கிறது. நாற்பது வருடம் இதே வேலையைப் பிழைப்பாகச் செய்தவரின் முதுகு எப்படி இருக்கும்? ஹெல்மெட் போட்டு நாலு நாள் செய்த எனக்கு நூற்றுக்கணக்கில் லைக். நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்களுக்கு என்ன கிடைத்தது? நம் சிவகங்கை மாவட்டத்தில் 2006-லேயே அந்த வேலை வந்துவிட்டது. வரத்துக்கால் தூர் வாரினார்கள், கண்மாய்க் கரையை உயர்த்தினார்கள். "மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டுக் காசு வாங்குறாளுக" என்று நாம்தான் பேசினோம். பள்ளிக்கூட ஓய்வறையில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இது பஞ்ச நிவாரண வேலையாகத்தான் இருந்தது. 1933-ல் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது அதிபர் ரூஸ்வெல்ட் இளைஞர்களைக் கூட்டிப் போய்க் காட்டில் முகாம் போட்டார். மரம் நட்டார்கள், பாதை வெட்டினார்கள், பாலம் கட்டினார்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை நடந்தது. அவர்கள் போட்ட பாதைகளில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள், அந்தப் பையன்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். அதுவும் அரசாங்கம் கூலி கொடுத்துச் செய்த வேலைதான். நம் பெண்கள் வெட்டிய வரத்துக்காலில் வந்த தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டேதான் நாம் அவர்களைக் கேலி செய்தோம்.

"நம்மிடம் இல்லாததா, குடிமராமத்து இருந்ததே" என்று சிலர் சொல்வீர்கள். இருந்தது. ஊரே கூடிக் கண்மாயைப் பராமரித்த பழக்கம் அது. அது நலிந்தபோது வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அதை நடத்தப் பார்த்தான். அதைப் பெருமையாகப் பேசும்போது ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மண் சுமந்தது யார், கரைமேல் குடை பிடித்து நின்றது யார்? மலையில் நான் பார்த்தது வேறு. ஓய்வு பெற்ற தபால்காரர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், ஒரு டாக்டர், நான், எல்லோரும் ஒரே சேற்றில். தலைமை தாங்கிய பெண்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகம் சுமந்தாள்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சும்மா செய்ய ஆள் கிடைத்தால் கூலிக்காரர் பிழைப்பு என்ன ஆகும்? நியாயமான கேள்வி. கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்து யார் வயிற்றிலும் அடிக்கக் கூடாது. அதனால் என் யோசனையைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் ஊர் திரும்புகிறேன். செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்னால், நாம் படித்த பள்ளிக்கூடத்தில் கூடுவோம். கேட் முன்னால் அடைந்து கிடக்கும் வாய்க்கால், அங்கிருந்து கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மூடிய பகுதி. ஒரு நாளில் முடிகிற அளவுதான். ஊராட்சியில் சொல்லி அனுமதி வாங்கும் பொறுப்பு என்னுடையது. நூறு நாள் வேலையில் அனுபவமுள்ள இரண்டு பேரை வழிகாட்டக் கூப்பிடுவோம். அவர்கள் சொல்கிறபடிதான் நாம் செய்வோம். அவர்களுக்கு அன்றைய கூலியை நான் தருகிறேன். அவர்கள்தான் அன்று ஆசிரியர்கள், ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு.

கையுறை, முழுக்கைச் சட்டை, தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள். இடுப்பு வலி, மூட்டு வலி உள்ளவர்கள் சமையல் பக்கம் வரலாம், ஆண்களும்தான். ஃப்ளெக்ஸ் வேண்டாம், சால்வை வேண்டாம். உங்கள் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். தாத்தா செய்த வேலை எவ்வளவு கஷ்டம், அதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும். வருகிறவர்கள் கமெண்டில் "வருகிறேன்" என்று போடுங்கள், எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தெரிய வேண்டும்.

தம்பி, உன் அப்பா இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தால் அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். அந்த வாய்க்காலை ஏன் சமையல்கூடத்துக்குப் பின்னால் வெட்டினார் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்